“பையன ஃபார்ம்ல காட்டாதீங்கன்னு ஏஜென்ட் சொல்றாரு அக்கா…” – கனடா மெடிக்கல் பத்தி ஒரு வாசகிக்கு பதில்

ஈரோடு பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரு ஊரு எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

அவங்க வயசு 34. வீட்டுக்காரர் மெக்கானிக்கல் டிசைன் இன்ஜினியர், கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரில (வேலைத் திறமைய வச்சு பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமை, குடுக்கற வழி) அழைப்பு வந்து பன்னெண்டு நாள் ஆச்சு. ஒரே பையன், ஏழு வயசு, மூணு வயசுல ஆட்டிசம்னு சொன்னாங்க. மருந்து எதுவும் இல்ல, ஸ்பீச் தெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் போய்ட்டு இருக்கான், ஸ்கூலுக்கும் போறான், ரெண்டு மூணு வார்த்தை சேர்த்து பேசுறான். ஏஜென்ட் என்ன சொல்றாருன்னா, “பையனுக்கு இப்படி இருக்குன்னு தெரிஞ்சா மொத்த ஃபைலும் ரிஜெக்ட் ஆயிடும், அதனால அவன ஃபார்ம்ல போடவே வேணாம், பாட்டிகிட்ட விட்டுட்டு போங்க, பிஆர் வந்தப்புறம் ஸ்பான்சர் பண்ணி கூட்டிக்கலாம்.” அது ஒத்து வரலேன்னா மெடிக்கல் எடுக்கற டாக்டர “தனியா பாத்துக்கலாம்”னும் ஒரு யோசனை குடுத்திருக்காரு. வீட்டுக்காரருக்கு சுகர், ரெண்டு வருஷமா மாத்திரை. மாமியாருக்கு கிட்னி ப்ராப்ளம், க்ரியாட்டினின் ஏறிட்டே போகுது, நாளைக்கு டயாலிசிஸ் வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

இதெல்லாம் எழுதிட்டு கடைசி பக்கத்துல ஒரு விஷயம். 2015ல, கல்யாணத்துக்கு முன்னாடி, அவங்களுக்கு நுரையீரல் டிபி வந்து ஆறு மாசம் ஜிஹெச்ல மருந்து சாப்பிட்டு முழுசா குணமாயிருக்கு. அம்மா அப்பாவ தவிர யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. “எக்ஸ்ரேல தெரிஞ்சிடுமா அக்கா? தெரிஞ்சா என்ன ஆகும்? எனக்கு தூக்கமே இல்ல.”

தங்கச்சி, நீங்க எந்த விஷயத்துக்கு ரொம்ப பயப்படறீங்களோ அதுல பெருசா பயப்பட ஒண்ணும் இல்ல, ஏஜென்ட் சொன்னத நம்பி நீங்க சாதாரணமா எடுத்துக்கிட்ட விஷயத்துலதான் பெரிய குழி இருக்கு. அதனால உங்க கேள்வி வரிசைப்படி போகாம எனக்கு அவசரம்னு படறதுல இருந்து ஆரம்பிக்கறேன்.

பையன விட்டுட்டு போற ‘ஐடியா’

முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறதுன்னு சொல்வாங்களே, இங்க மறைக்கச் சொல்றது ஒரு புள்ளைய. அம்மாவா உங்களுக்கு அது எவ்வளவு வலிச்சிருக்கும்னு உங்க கடிதத்துலயே தெரியுது, ஆனா மனசு பக்கத்த விட்டுட்டு வெறும் சட்டமா பாத்தாலும் இது தப்பான யோசனை.

பிஆர் விண்ணப்பத்துல கூட வர்ற குழந்தை, வராத குழந்தை ரெண்டையும் சொல்லணும். ரெண்டு பேருக்குமே மெடிக்கல் எடுக்கணும். அப்படி சொல்லாம மறைச்சு, மெடிக்கலும் எடுக்காம விட்ட குழந்தைய பின்னாடி குடும்ப ஸ்பான்சர்ஷிப்ல கூட்டிக்கவே முடியாதுன்னு கனடா குடிவரவு ஒழுங்குவிதில 117வது விதியில தெளிவா இருக்கு. தற்காலிகமா இல்ல, அந்த வழி அவனுக்கு மூடினது மூடினதுதான். 2019ல இதுக்கு ஒரு விதிவிலக்கு திட்டம் வந்துச்சு, அது அகதியா வந்தவங்க மாதிரி சிலருக்காக, உங்கள மாதிரி திறமை அடிப்படையில வேணும்னே மறைச்சுட்டு போறவங்கள காப்பாத்தறதுக்கு இல்ல. அப்ப “பிஆர் வந்தப்புறம் ஸ்பான்சர் பண்ணிக்கலாம்”ங்கற வாக்கியமே பொய். பையன கூட்டிட்டு போறதுக்குன்னு சொல்ற வழி அவன கூட்டிட்டு போக முடியாம பண்ற வழி.

சரி, பேரு போட்டுட்டு ‘கூட வரல’ன்னு டிக் பண்ணா? அதுலயும் லாபம் இல்ல. உங்க பொறுப்புல இருக்கற குழந்தை கூட வந்தாலும் வராட்டியும் அவனோட மெடிக்கல் உங்க எல்லாரோட ஃபைலையும் பாதிக்கும், கனடா குடிவரவு சட்டத்தோட 42வது பிரிவு அப்படித்தான். அதனால விட்டுட்டு போறதுனால ரிஸ்க் குறையவே இல்ல, பையன் மட்டும்தான் அங்க நிப்பான்.

பொய் சொன்னதா பிடிபட்டா 40வது பிரிவு, அஞ்சு வருஷம் கனடா பக்கமே விண்ணப்பிக்க முடியாது. ஏஜென்ட்தான் ஃபார்ம் நிரப்பினாருன்னு சொன்னா எடுபடாது, கையெழுத்து உங்களோடது. பிஆர் கிடைச்சு பத்து வருஷம் கழிச்சு தெரிஞ்சாலும் கிளறுவாங்க. ஏழு வயசு பையனுக்கு பர்த் சர்டிஃபிகேட் இருக்கு, உங்க பாஸ்போர்ட், பழைய விசா ஃபார்ம், ஃபேமிலி இன்ஷூரன்ஸ், எதுல வேணும்னாலும் அவன் பேரு வரும், எத்தன எடத்துல மறைப்பீங்க?

டாக்டர “தனியா பாத்துக்கறது” பத்தி ஒரே ஒரு பாரா. பேனல் டாக்டர், அதாவது மெடிக்கல் எடுக்க கனடா அரசாங்கம் அனுமதிச்ச டாக்டர், பாஸ் ஃபெயில் போடறவர் இல்ல. அவர் பாத்தத எழுதி ஆன்லைன்ல கனடா இமிக்ரேஷனுக்கு அனுப்பறாரு, முடிவு எடுக்கறது அங்க இருக்கற மெடிக்கல் ஆஃபீசரும் விசா ஆஃபீசரும். காசு குடுக்கறதுனால உங்களுக்கு வர்றது ஒரு கிரிமினல் சிக்கல் மட்டும்தான். இந்த பேச்ச எடுத்தவரோட மேற்கொண்டு பேசவே வேணாம்னு நான் சொல்வேன்.

ஆட்டிசம்னா ரிஜெக்டா?

இந்த பயம் ஆகாசத்துல இருந்து வரல, ஒரு காலத்துல நெஜமாவே அப்படி இருந்துச்சு, அதான் இன்னும் வாட்ஸ்அப்ல சுத்திட்டு இருக்கு.

கனடா சட்டத்துல 38வது பிரிவு, உடம்பு காரணமா மறுக்கறதுக்கு மூணே காரணம்தான் சொல்லுது. பொது சுகாதாரத்துக்கு ஆபத்து, பொது பாதுகாப்புக்கு ஆபத்து, அப்புறம் அரசாங்க மருத்துவ, சமூக சேவைகள் மேல அளவுக்கு மீறின சுமை. உங்க பையன் விஷயத்துல பேச்சு மூணாவது பத்திதான். முன்னாடி இந்த ‘சுமை’க்கு வரம்பு ரொம்ப கம்மி, 2017ல வருஷத்துக்கு 6,655 கனடா டாலர். ஸ்கூல்ல ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு ஆகற செலவையும் அதுல சேர்ப்பாங்க. ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர் சம்பளத்துல பங்கு போட்டாலே அந்த வரம்ப தாண்டிடும், அப்புறம் குழந்தை எவ்வளவு நல்லா இருந்தாலும் மறுப்பு லெட்டர் வந்துடும்.

2016ல கோஸ்டா ரிக்கால இருந்து வந்து டொரண்டோ யார்க் யூனிவர்சிட்டில ப்ரொஃபசரா இருந்த ஃபெலிபே மொன்டோயாங்கறவருக்கு, பையனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்குன்னு பிஆர் மறுத்துட்டாங்க. அது பத்திரிகை, டிவி எல்லாத்துலயும் வந்து பெரிய சத்தமாச்சு, அவங்க குடும்பத்துக்கு பின்னாடி மனிதாபிமான அடிப்படைல குடுத்தாங்க. அந்த மாதிரி கேஸ்கள் சேர்ந்து சேர்ந்து 2018 ஜூன் 1ல இருந்து விதிய மாத்தினாங்க. ரெண்டு மாற்றம். வரம்ப மூணு மடங்கு ஏத்தினாங்க, அப்புறம் ஸ்பெஷல் எஜுகேஷன், மறுவாழ்வு பயிற்சி, தனிப்பட்ட உதவியாளர் சேவை இதெல்லாம் கணக்குலயே சேர்க்கறதில்லன்னு எடுத்துட்டாங்க. இந்த ரெண்டாவது மாற்றம்தான் உங்களுக்கு முக்கியம், ஏன்னா உங்க பையனுக்கு அங்க போனா ஆகற பெரிய செலவே ஸ்கூல்லதான் ஆகும், அது இப்ப கணக்குல இல்ல.

2025ல அந்த வரம்பு வருஷத்துக்கு 27,162 டாலர், அஞ்சு வருஷத்துக்கு 1,35,810 டாலர். நம்ம காசுக்கு வருஷம் 16 லட்சத்துக்கு மேல. இது வருஷா வருஷம் மாறும், நீங்க ஃபைல் போடற அன்னிக்கு இருக்கற தொகைய ஐஆர்சிசி (கனடா குடிவரவு துறை) வெப்சைட்ல பாத்துக்கோங்க. மருந்து இல்லாத, ஆஸ்பத்திரில அட்மிட் ஆகாத, வலிப்பு மாதிரி கூட எதுவும் இல்லாத, வீட்ல இருந்து ஸ்கூல் போற ஒரு குழந்தைக்கு, கணக்குல சேர்க்கற மருத்துவச் செலவு மட்டும் பாத்தா இந்த வரம்ப தொடறது கஷ்டம். எப்ப தொடும்னா, தனி பராமரிப்பு இல்லத்துல வச்சு பாக்கணும்ங்கற நிலைமை, இல்ல ரொம்ப வெலை உள்ள மருந்து வாழ்நாள் முழுக்க, அந்த மாதிரி. உங்க கடிதத்துல அப்படி எதுவும் இல்ல.

நோய் பேர வச்சு முடிவு பண்ணக் கூடாது, அந்த தனி ஆளோட நிலைமைய பாக்கணும்னு கனடா உச்ச நீதிமன்றமே 2005ல ஹிலெவிட்ஸ் வழக்குல சொல்லிடுச்சு. அதுலயும் குழந்தைகளோட வளர்ச்சிக் குறைபாடுதான் விஷயம். அதனால உங்க கையில இருக்க வேண்டியது ‘ஆட்டிசம்’னு ஒரு வரி எழுதின சீட்டு இல்ல. டெவலப்மென்டல் பீடியாட்ரிஷியன்கிட்ட புதுசா ஒரு ரிப்போர்ட் வாங்குங்க, பையனுக்கு என்ன முடியும், எதுல உதவி வேணும், என்ன மருந்து (இல்லேன்னா ‘மருந்து இல்லை’ன்னு), வாரத்துக்கு எத்தன தெரபி, ஒரு வருஷத்துல எவ்வளவு முன்னேறியிருக்கான், எல்லாம் அதுல வரணும். ஸ்கூல்ல இருந்து ஒண்ணு, தெரபிஸ்ட்கிட்ட ஒண்ணு. நம்ம ஊர்ல சில டாக்டருங்க பாவப்பட்டு நிலைமைய கூட்டி எழுதுவாங்க, சலுகை வாங்கற சர்டிஃபிகேட்டுக்கு எழுதி எழுதி பழக்கம், அது இங்க எதிரா போகும். குறைச்சும் எழுத வேணாம். இருக்கறத எழுதினா போதும்.

உங்க சித்தி பொண்ணு கதைய எழுதியிருந்தீங்க, அவங்க வீட்டுக்காரர் ஸ்பான்சர் பண்ணப்ப குழந்தைக்கு இதய ஆபரேஷன் ஆகியிருந்தும் ஒண்ணுமே கேக்கல, நமக்கு மட்டும் ஏன்னு. அது வேற வழி. கணவன், மனைவி, குழந்தைய குடும்ப ஸ்பான்சர்ஷிப்ல கூப்பிடும்போது இந்த செலவுக் கணக்கே பாக்கறதில்ல, அகதிகளுக்கும் அப்படித்தான். நீங்க போறது எக்ஸ்பிரஸ் என்ட்ரி, இதுல பாப்பாங்க. ரெண்டையும் ஒப்பிட்டா குழப்பம்தான் மிஞ்சும்.

அப்படியும் மெடிக்கல் ஆஃபீசருக்கு சந்தேகம் வந்தா நேரா ரிஜெக்ட் பண்ண மாட்டாங்க. ஃபேர்னஸ் லெட்டர்னு ஒண்ணு அனுப்புவாங்க, எந்த நோய், எந்த சேவை, எவ்வளவு செலவுன்னு கணக்கு போட்டிருக்கும், பதில் குடுக்க 90 நாள். அது வந்தவுடனே எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நிறைய பேரு அழுதுட்டு பேசாம விட்டுடறாங்க, அதான் எனக்கு தாங்க முடியாத விஷயம், ஏன்னா அது முடிவு இல்ல, கேள்வி. கணக்குல சேர்க்கக் கூடாத செலவ சேர்த்திருக்கலாம், பழைய ரிப்போர்ட்ட பாத்து போட்டிருக்கலாம், வரி வரியா மறுக்கலாம். மறுப்பே வந்தா கூட ஃபெடரல் கோர்ட் இருக்கு, கனடாவுக்கு வெளிய எடுத்த முடிவுக்கு 60 நாளுக்குள்ள போகணும். உங்களுக்கு அவ்வளவு தூரம் போகாதுன்னுதான் நினைக்கறேன்.

ஒரு நிஜத்தையும் சொல்லிடறேன், இத யாரும் சொல்ல மாட்டாங்க. விசா கிடைக்கறது ஒண்ணு, அங்க தெரபி கிடைக்கறது வேற. ஒன்டாரியோல ஆட்டிசம் ப்ரோக்ராம்ல பேரு குடுத்துட்டு வருஷக்கணக்கா காத்திருக்கற தமிழ் குடும்பங்கள எனக்கே தெரியும். ஸ்கூல்ல சேர்க்க மாட்டேன்னு சொல்ல முடியாது, அது பெரிய நிம்மதி, ஆனா இப்ப ஈரோட்ல வாரம் அஞ்சு நாள் கிடைக்கற ஸ்பீச் தெரபி அங்க கைக்காசு போட்டாத்தான். எந்த மாகாணத்துக்கு போறதுன்னு முடிவு பண்ணும்போது வேலைய மட்டும் பாக்காம இதையும் பாருங்க.

உங்க டிபி, உங்க வீட்டுக்காரர்

எக்ஸ்ரேல தெரியுமான்னா, தெரியலாம். நுரையீரல் டிபி ஆறினதுக்கு அப்புறம் மேல் பகுதில தழும்பு மாதிரி நிக்கறது சகஜம். சிலருக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா தெரியுதா தெரியலையான்னு சூதாட வேண்டிய விஷயமே இல்ல இது, ஏன்னா குணமான டிபிக்கு கனடா விசாவ மறுக்கறதில்ல. மறுக்கறது இப்ப தொத்தற நிலைமைல இருக்கற டிபிக்கு, அதுவும் மருந்து சாப்பிட்டு முடிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணி சரியானா ஃபைல் நகரும்.

நீங்க சொன்னீங்கன்னா, இல்ல படத்துல தழும்பு தெரிஞ்சா, சளி டெஸ்ட் கேக்க நிறைய வாய்ப்பு இருக்கு. மூணு நாள் மூணு சாம்பிள், காலைல எடுக்கறது. மைக்ரோஸ்கோப்ல பாக்கறது சீக்கிரம் வந்துடும், ஆனா கல்ச்சர்னு கிருமி வளருதான்னு பாக்கறதுக்கு எட்டு வாரம் வரைக்கும் ஆகும். அது பொறுமைய சோதிக்கும், வேற ஒண்ணும் இல்ல. சென்னைக்கு போறீங்கன்னா மூணு நாலு நாள் தங்கற மாதிரி போங்க, ஈரோடுக்கும் சென்னைக்கும் அலையாதீங்க. 2015ல எடுத்த எக்ஸ்ரே படம், மருந்து முடிச்சதும் எடுத்த படம், டாட்ஸ் அட்டை (டிபி மருந்து சாப்பிட்டத குறிச்ச அட்டை), முடிச்ச சான்று, எது இருந்தாலும் தேடி எடுங்க. பழைய படமும் புது படமும் ஒரே மாதிரி இருந்தா தழும்பு அசையலன்னு அர்த்தம், டாக்டருக்கு அதவிட பெரிய சாட்சி இல்ல. பரண்ல இருக்கும், அம்மாகிட்ட கேளுங்க, இல்லேன்னா ஜிஹெச் டிபி யூனிட்ல உங்க பேர்ல பதிவு இருக்கான்னு விசாரிங்க. எல்லாம் சரியா வந்து விசா குடுத்தாலும், அங்க இறங்கி 30 நாளுக்குள்ள லோக்கல் பப்ளிக் ஹெல்த்துக்கு தெரியப்படுத்துங்கன்னு ஒரு தாள் குடுக்கலாம். அத பாத்து பயப்படாதீங்க, வேலைக்கோ பிஆருக்கோ ஒண்ணும் ஆகாது, ஃபோன் பண்ணா டேட் குடுப்பாங்க, போய்ட்டு வரணும்.

இப்ப கஷ்டமான பகுதி. வீட்டுக்காரருக்கு தெரியாமலேயே இத தாண்டிடலாமான்னு கேட்டிருக்கீங்க. மா, முடியாது. விண்ணப்பம் அவர் அக்கவுண்ட்ல இருக்கு, கூடுதல் டெஸ்ட், தாமதம், லெட்டர் எல்லாம் அங்கதான் வரும். ஃபார்ம்ல பெரிய நோய் ஏதாவது இருந்துச்சான்னு குடும்பத்துல பெரியவங்க ஒவ்வொருத்தர பத்தியும் கேள்வி வரும். நீங்க ‘இல்ல’ன்னு போட்டு எக்ஸ்ரே ‘ஆமா’ன்னு சொன்னா, குணமான ஒரு நோய் அப்ப பொய்யா மாறிடும். அந்த அஞ்சு வருஷ தடை அவர் தலையிலயும் விழும், எதுக்குன்னே தெரியாம. மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சொல்வாங்க, உங்க மடில இருக்கறது ஆறு மாசம் ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டு குணமான ஒரு பொண்ணோட ரிக்கார்டு, அதுல வெக்கப்பட என்ன இருக்கு?

கல்யாணத்துக்கு முன்னாடி ஏன் சொல்லலன்னு அவர் கேப்பாரு, கோவம் கூட வரலாம். நம்ம பக்கத்துல டிபி வந்த பொண்ணுன்னா வரன் அமையாதுன்னு எத்தன வீட்ல மூடி வச்சிருக்காங்கன்னு அவருக்கும் தெரியாம இருக்காது. மெடிக்கலுக்கு போறதுக்கு முன்னாடி, வீட்ல ரெண்டு பேரு மட்டும் இருக்கற நேரம், பழைய பேப்பர கைல வச்சுக்கிட்டு சொல்லுங்க. க்ளினிக்ல டாக்டர் வாயில இருந்து அவர் தெரிஞ்சுக்கறதும், உங்க வாயில இருந்து தெரிஞ்சுக்கறதும் ஒண்ணு இல்ல. “தொத்துமா, பையனுக்கு வருமா”ன்னு பதறினா, குணமாகி பத்து வருஷம் ஆச்சு, அப்படி ஒண்ணும் இல்லன்னு உங்க ஊர் செஸ்ட் டாக்டர்கிட்டயே ரெண்டு பேரும் போய் கேட்டுட்டு வாங்க. மாமியாருக்கு சொல்லணுமான்னு கேட்டா, சட்டத்துக்கு அது தேவையே இல்ல, அது உங்க ரெண்டு பேரோட முடிவு.

வீட்டுக்காரர் சுகர், மாமியார் கிட்னி

சுகர் ஒரு பிரச்சனையே இல்ல. மாத்திரைல கட்டுப்பாடா இருக்கு, சிறுநீரகம் பாதிக்கல, அவ்வளவுதான் கேக்கறாங்க. பெரியவங்களுக்கு க்ரியாட்டினின் பாப்பாங்க, யூரின் பாப்பாங்க, எக்ஸ்ரே, சிஃபிலிஸ், எச்ஐவி டெஸ்ட் உண்டு. மெடிக்கலுக்கு முந்தின நாள் மாத்திரைய நிறுத்தற வேலையெல்லாம் வேணாம், சுகர் குறைச்சு காட்டறேன்னு பட்டினி கிடந்து மயங்கி விழுந்தவங்க இருக்காங்க. மருந்துச் சீட்டையும் கடைசி மூணு மாச சராசரி சுகர் ரிப்போர்ட்டையும் கொண்டு போனா போதும்.

மாமியார் நோய் உங்க விண்ணப்பத்த கெடுத்துடுமோன்னு கவலைப்பட்டிருக்கீங்க. அவங்க இந்த விண்ணப்பத்துல ஆளே இல்ல. அம்மா அப்பா எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடும்பக் கணக்குல வர மாட்டாங்க, அவங்க உடம்பு உங்கள தொடாது.

ஆனா “பின்னாடி அத்தைய கூட்டிக்கலாம்ல?”ங்கற கேள்விக்கு நான் இனிப்பா பேச முடியாது. பெத்தவங்கள ஸ்பான்சர் பண்றதுக்கு செலவு வரம்புல விலக்கு கிடையாது. டயாலிசிஸ்னா அந்த 27,162ஐ பல மடங்கு தாண்டும். “நாங்களே காசு கட்டிக்கறோம்”னு எழுதிக் குடுத்தாலும் செல்லாது, ஆஸ்பத்திரி சேவை அங்க எல்லாருக்கும் பொதுவா அரசாங்கம் குடுக்கறது, வேணாம்னு எழுதி வாங்க வழியே இல்ல. வெளில வாங்கற மருந்து செலவுன்னா இன்ஷூரன்ஸ் காட்டி வாதாட எடம் இருக்கு, டயாலிசிஸுக்கு இல்ல. அது போக பேரன்ட்ஸ் ப்ரோக்ராமே லாட்டரி மாதிரி, 2020ல பேரு குடுத்தவங்க பட்டியல்ல இருந்துதான் அடுத்தடுத்த வருஷங்கள்லயும் கூப்பிட்டாங்க. பெத்தவங்க வந்து பாத்துட்டு போறதுக்கான சூப்பர் விசால ஒரு தடவைக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் தங்கலாம், ஆனா அதுக்கும் மெடிக்கல் உண்டு, ஒரு லட்சம் டாலருக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுக்கணும், ஏற்கனவே கிட்னி போன ஒருத்தருக்கு அந்த நோயையும் சேர்த்து பாலிசி குடுக்கற கம்பெனி கிடைக்கறது குதிரைக் கொம்பு. அதனால அத்தைய இங்க யாரு பாத்துக்கப் போறாங்கன்னு கெளம்பறதுக்கு முன்னாடியே நாத்தனார் கொழுந்தனார் எல்லாரும் உக்காந்து பேசுங்க. பையனையும் அவங்ககிட்டயே விட்டுட்டு போறதுன்னு ஏஜென்ட் திட்டம் போட்டாரே, கிட்னி போய்ட்டு இருக்கற ஒரு அம்மாகிட்ட, அந்த மனுஷன் என்னத்த யோசிச்சாருன்னு எனக்கு புரியல.

இருக்கற நாள்ல

அழைப்பு வந்த நாள்ல இருந்து 60 நாள், பன்னெண்டு போயிடுச்சு. 2025 ஆகஸ்ட் 21ல இருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு மெடிக்கல முன்னாடியே எடுத்துட்டுத்தான் விண்ணப்பம் போடணும், முன்ன மாதிரி போட்டுட்டு அவங்க சொல்றப்ப எடுக்கற கதை இல்ல. கல்ச்சர் எட்டு வாரம் ஆகுமே, 48 நாள்ல எப்படின்னு பதறாதீங்க, விண்ணப்பத்தோட போறது மெடிக்கல் எடுத்ததுக்கான தாள், இறுதி முடிவு இல்ல. ஆனா அதுக்காக கடைசி வாரம் வரைக்கும் தள்ளாதீங்க. ஐஆர்சிசி வெப்சைட்ல இருக்கற பேனல் டாக்டர் லிஸ்ட்ல இருந்து மட்டும் அப்பாயின்ட்மென்ட், உங்க ஃபேமிலி டாக்டர் எவ்வளவு பெரியவரா இருந்தாலும் செல்லாது. மூணு பேரும் ஒண்ணா போங்க. மெடிக்கல் பொதுவா 12 மாசம் செல்லும், அதுக்குள்ள போய் இறங்கற மாதிரி மனசுல வச்சுக்கோங்க.

ஏஜென்ட மாத்துங்க. காசு வாங்கிட்டு கனடா குடிவரவு விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்றதுக்கு அங்க லைசென்ஸ் உள்ள வக்கீல், இல்ல கன்சல்டன்ட் காலேஜ்ல (குடிவரவு ஆலோசகர்கள ஒழுங்குபடுத்தற அமைப்பு) பதிவு பண்ணவங்க, இவங்களுக்குத்தான் உரிமை. பதிவு இருக்கான்னு காலேஜ் வெப்சைட்ல பேரு போட்டா ரெண்டு நிமிஷத்துல தெரியும். குடுத்த அட்வான்ஸ் போனா போகட்டும்னு சொல்றது எனக்கு ஈசி, உங்களுக்கு வலிக்கும்னு தெரியும், ஆனா ஃபைல் லாகின், பாஸ்வேர்ட் எல்லாத்தையும் இன்னிக்கே கைக்கு வாங்கிடுங்க, அவர் ஏற்கனவே எதையாவது நிரப்பி வச்சிருந்தா ஒவ்வொரு பக்கமா நீங்களே படிச்சு பாருங்க, முக்கியமா குடும்ப உறுப்பினர் பக்கம்.

கடைசியா ஒண்ணு கேட்டிருந்தீங்க, பையன அந்த ஒரு நாளைக்கு அமைதியா உக்கார வைக்க, பேரு கேட்டா கண்ண பாத்து சொல்ல வைக்க, தினமும் ராத்திரி பழக்கிட்டு இருக்கேன்னு. நிறுத்திடுங்க மா. அவன் எப்படி இருக்கானோ அப்படியே டாக்டர் பாக்கட்டும், ரிப்போர்ட்ல ஒண்ணும் நேர்ல ஒண்ணுமா இருந்தாத்தான் கூடுதலா கேள்வி வரும். ஏழு வயசுக்கு எக்ஸ்ரே இல்ல, வழக்கமா ரத்தமும் எடுக்க மாட்டாங்க, எடை, உயரம், ஸ்டெதஸ்கோப் வச்சு பாக்கறது, அப்புறம் யூரின். க்ளினிக்குக்கு முன்னாடியே ஃபோன் பண்ணி பையனுக்கு ஆட்டிசம்னு சொல்லி காலைல கூட்டம் இல்லாத மொதல் நேரமா கேளுங்க, அவனுக்கு பிடிச்ச பொம்மை, காதுக்கு ஹெட்ஃபோன் எடுத்துட்டு போங்க. எதையாவது பழக்கணும்னா கப்புல யூரின் பிடிக்கறத பழக்குங்க, மெடிக்கல் ஷாப்ல அந்த கப் கிடைக்கும், ரெண்டு வாங்கி வீட்டு பாத்ரூம்லயே வச்சுடுங்க.